டிராயரில் கிடந்த பேட்ஜ்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கடற்படையில் என்னோடு பல வருடம் வேலை பார்த்தவனின் மனைவி, கையில் ஒரு ஃபைலோடு வேகமாக வந்தாள்.

"ரெக்கார்டு வந்துடுச்சுங்கண்ணா. எல்லா வருஷமும் லிமிட்டுக்குள்ளதான் இருக்குதாம். அந்த வேலையால வந்ததில்லயாம்."

அவனுக்கு ரத்தத்தில் கோளாறு. பாண்டிச்சேரி டாக்டர் அவனுடைய கதிர்வீச்சுப் பதிவைக் கேட்டிருந்தார். கப்பல் குழாய்களில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று கதிர்வீச்சு வைத்துப் படம் எடுப்பதுதான் எங்கள் வேலை. சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருப்போம். உடம்பு எவ்வளவு வாங்கியது என்று அதை வைத்துத்தான் அளப்பார்கள். வரம்பை நெருங்கினால் ஆளை அந்த வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டும். பேட்ஜ்களுக்கெல்லாம் பொறுப்பு நான்.

அவள் பேசிக்கொண்டே போனாள்.

"அப்ப வேற காரணம்தான் தேடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. குடிப்பாரா, வயலுக்கு மருந்து அடிப்பாரான்னு கேக்குறாரு. இவரு இல்லவே இல்லன்றாரு. எனக்குத் தெரியாம குடிச்சிருக்காருண்ணா. வெள்ளிக்கிழமையிலேர்ந்து நான் அவர்கிட்ட பேசறதில்ல."

கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு சொட்டு தொடாதவன் அவன். நாங்கள் குடிக்கும்போது எதிரில் உட்கார்ந்து வறுகடலையை மட்டும் காலி பண்ணுவான்.

ஒருமுறை கப்பல் கிளம்ப வேண்டிய அவசரம். அவனுடைய அளவு வரம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மேலே சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். எனக்கு வேலை முடிய வேண்டும், நல்ல பெயர் வேண்டும். "இன்னும் கொஞ்சம் ஜாயின்ட்தான்டா. பேட்ஜைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ" என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தான். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அவன் குழாய்களுக்கு நடுவில் நிற்பான், அவன் பேட்ஜ் என் மேஜை டிராயரில் பேனாக்களோடு கிடக்கும். அவள் கையிலிருந்த ஃபைலில் பாதி என் டிராயரின் கணக்கு. வருடா வருடம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன், இதைச் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டியது என்றே தோன்றவில்லை, அதுதான் வெட்கம்.

அன்று வீட்டுக்குப் போகாமல் அவள் ஸ்கூட்டிக்குப் பின்னாலேயே வண்டியை விட்டேன். உப்பளத்து வெயிலில் கண் கூசியது. திரும்பிவிடலாமா என்று இரண்டு இடத்தில் நின்றேன். நோய் அதனால்தான் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இல்லை என்றும் சொல்ல முடியாதே.

அவன் ஹாலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"வேணாம்ணா. உனக்குப் பிரச்சனையாயிடும்."

எனக்கு அவன் மேல்தான் ஆத்திரம் வந்தது. என்னைக் காப்பாற்றுவதற்காகக் குடிகாரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், முட்டாள்.

"நீ சும்மா இருடா" என்று அதட்டிவிட்டு அவளிடம் திரும்பினேன். "இவன் குடிக்கலம்மா. அந்த ரெக்கார்டு பொய். நெறைய தடவ இவன் வேலை செய்யும்போது பேட்ஜ் இவன் சட்டையில இல்ல, என் டிராயர்ல இருந்துச்சு. நான்தான் கழட்டச் சொன்னேன். நாளைக்கு டாக்டர்கிட்ட நானே வந்து சொல்றேன், எழுதியும் தர்றேன்."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் போய்க் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பயத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நீங்களும் ஒடம்ப செக் பண்ணிக்கணுமேண்ணா. உங்க பேட்ஜும் டிராயர்லதான இருந்திருக்கும்?"

"இல்லம்மா" என்றேன். "என்னுது எப்பவும் சட்டையிலதான் இருந்துச்சு."