பொழுது சாஞ்சப்புறம் தண்ணி

காலேஜுல காலராப் பாடம் வந்தா, நான் பொண்ணுங்க முகத்தப் பாக்க மாட்டேன். பலகையப் பாத்துக்கினே நடத்தி முடிச்சுடுவேன். நம்ம செல்லுக்குள்ள சுவிட்சு மாதிரி புரதங்க இருக்குது. GTPன்னு ஒரு மூலக்கூறு ஒட்டினா வேலை செய்யும், அத உடைச்சதும் தானா அடங்கிடும். காலரா விஷம் கெடுக்கிறது அந்த அடங்கற வேலையத்தான். அப்புறம் குடல் தண்ணியக் கொட்டிக்கினே இருக்கும். அந்த விஷத்துக்குக் கை குடுக்கிறதும் நம்ம செல்லுல இருக்கிற இன்னொரு சின்னப் புரதந்தான். வீட்டு ஆளே திருடனுக்குத் தாப்பாளத் தொறந்த கதை.

எழுபதுகளோட ஆரம்பத்துல எனக்கு இதெல்லாம் ஒரு மண்ணும் தெரியாது.

எங்க வீடு திருப்பருத்திக்குன்றத்துல. ஜைனக் குடும்பம். துணியில வடிகட்டாத தண்ணிய வாயில வைக்க மாட்டோம், பொழுது சாஞ்சா தண்ணியே கிடையாது. அப்பேர்ப்பட்ட வீட்டுல அம்மாவுக்குக் காலரா. காஞ்சிபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த மறுநாள். எங்க என்னத்தக் குடிச்சாங்களோ.

கம்பவுண்டர் வந்து பாத்தார். "ஆஸ்பத்திரிக்கு வண்டி வர்ற வரைக்கும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி விடாம குடும்மா. நிறுத்தினா உசுரு நிக்காது"ன்னு சொல்லிட்டுப் போனார். அண்ணன் வண்டி தேடி ஓடினாரு. நான் ஸ்பூனால ஊத்திக்கினே இருந்தேன். பொழுது சாஞ்சுது. அம்மா வாய மூடிக்கினாங்க.

"நோயாளிக்கு விலக்கு இருக்குதும்மா."

வேணாம்னு தலைய ஆட்டினாங்க.

"உன் விரதத்துல மண்ணு விழ, குடிம்மா!"ன்னு கத்தினேன். எனக்கு அழுக வரல. கோவந்தான் வந்துச்சு, கொஞ்ச நேரத்துல அதுவும் மரத்துப் போச்சு.

அப்பா அதுவரைக்கும் வாசப்படியில நின்னுக்கினு இருந்தார். விவரம் தெரிஞ்ச நாள்லருந்து ராத்திரியில சொட்டுத் தண்ணி குடிக்காத மனுஷன். உள்ள வந்தார். என் கையிலருந்து டம்ளர வாங்கி, அம்மா பக்கத்துல உக்காந்து, மடக் மடக்குன்னு குடிச்சார்.

"பாரு, நானே குடிச்சுட்டேன். பாவம்னா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான். இப்ப நீ குடி."

அம்மா அவரப் பாத்தாங்க. அழறதுக்குக்கூட உடம்புல தண்ணி இல்ல. "என்னால உங்க விரதமும் போச்சே"ன்னாங்க. அப்புறம் முகத்த சுவர்ப் பக்கம் திருப்பிக்கினாங்க.

அப்பா மறுபடி டம்ளர்ல ஊத்தி, அம்மா வாய்கிட்ட நீட்டினார். "குடிடி, குடிடி"ன்னு சொல்லிக்கினே இருந்தார். வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டுது. "அம்மா போயிட்டாங்கப்பா, கைய எடுங்க"ன்னு நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு.