சத்திரத்து மூலைக்காரர்

வேகவதி ஆறு பெருகியபோது கரையோரத்து நெசவாளிகளைக் கோயில் சத்திரத்தில் தங்கவைத்தார்கள். வருவாய்த் துறையில் ஓய்வு பெற்ற என்னை, விதி தெரிந்தவன் என்று சோற்றுப் பொட்டல வரிசைக்குக் காவல் வைத்தார்கள்.

வரிசைக்கு வந்தவர்களில் ஒருவர் வீடில்லாதவர், அந்தச் சத்திரத்துத் தாழ்வாரத்திலேயே பல காலமாகப் படுப்பவர். சட்டையில் பொத்தான் கிடையாது. ஆனால் சாப்பாடு என்றால் தலை வாரிக்கொண்டுதான் வருவார்.

வரிசையில் அவரைக் கண்டதும் ஓர் அம்மாள் மறித்தார். "எங்க ஊட்ல தண்ணி பூந்துக்கிச்சு. உனக்கு இன்னாயா பூந்துச்சு?"

"வெள்ளத்துல இருக்கற இடம் போனவங்களுக்கு மட்டும்தாம்பா. அதுதான் விதி" என்றேன் நானும்.

அவர் சீப்பைப் பையில் செருகினார். "அதான் சார் நானும் சொல்றேன். நான் படுக்கற மூலையில இந்தம்மாவோட பட்டு நூலு படுத்துக்கினு இருக்குது. வெள்ளம் வராங்காட்டி அது ஏன் அங்க வருது?"

அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. விதிகளை எழுதியவர்கள் பலரை எனக்குத் தெரியும். பொருள் கண்டவரை அன்றுதான் பார்த்தேன். பொட்டலத்தைக் கொடுத்தேன்.

தண்ணீர் வடிந்து எல்லோரும் கிளம்பிய அன்று சாப்பாடு கிடையாது. ஆனாலும் அவர் தலை வாரிக்கொண்டு வாசலில் நின்று வழியனுப்பினார்.

"அடுத்த மழைக்கும் வந்துடுங்கம்மா."

அது உபசாரமா, சாப்பாட்டுக்கு முன்னேற்பாடா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.