பார்மேட் செய்த ஞாயிற்றுக்கிழமை

கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது நாற்றம்தான். கருகிய பஞ்சும் கரப்பான் புழுக்கையும் தையல் மிஷின் எண்ணெயும் சேர்ந்து வெந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வாடை. உள்ளே எட்டிப் பார்த்தால் பச்சைப் பலகையே கண்ணுக்குத் தெரியவில்லை. பனியன் துணியிலிருந்து பறக்கும் பஞ்சு அழுக்குக் கம்பளியாகப் படிந்து, விசிறியின் இறக்கைகளில் முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதற்குள் ஏதோ ஓடியது. நான் சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டேன்.

இது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்களில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது நடந்தது. திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அப்பா சில தையல் மிஷின்களைப் போட்டு, கம்பெனிகளிடம் வெட்டிய துணியை வாங்கிப் பனியன் தைத்துக் கொடுத்துவந்தார். பின்னறையில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ் வேண்டாமென்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஓடியது "நைன்டி எய்ட்" என்று எல்லோரும் சொன்ன பழைய விண்டோஸ். எனக்கு அது சீட்டு விளையாடும் பெட்டி. என் அக்கா செல்விக்கு அதுதான் மூச்சு.

மூச்சு என்று சும்மா சொல்லவில்லை. அக்கா பன்னிரண்டாவது முடித்ததும் ஒரு பனியன் கம்பெனியில் "செக்கிங்" வேலைக்குப் போனாள். தைத்து வந்த துணியில் பிசிர் நூலை வெட்டி, கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அங்கே பறந்த பஞ்சு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நெஞ்சு விசிலடிக்கும். பஞ்சு கலந்த சளியைத் துப்பிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். பிறகு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் போய், குழந்தைகள் சட்டையில் அச்சடிக்கிற மாதிரி யானை, வாத்து, மீன் என்று வரைந்துகொண்டிருப்பாள். அதைக் கேள்விப்பட்ட ஒரு பிரிண்டிங் கம்பெனிக்காரர், படங்களைத் திங்கட்கிழமை பிளாப்பியில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். பிடித்திருந்தால் டிசைன் அறையில் வேலை. "அங்க பஞ்சு பறக்காதுங்கம்மா" என்றுதான் அக்கா அம்மாவிடம் சொன்னாள், வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நீலத் திரையில் இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றது. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன், ஏதோ ஒரு பைலைக் காணவில்லையாம். விண்டோஸைத் திரும்பப் போட வேண்டும் என்று ஆயிற்று.

முதலில் கை வைத்தவர் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. அவர் தையல் மிஷின் மெக்கானிக்.

"ஏங் கண்ணு பயப்படறே? ஓவர்லாக் மிஷினையே கண்ண மூடிட்டுக் கழட்டிப் பூட்டுவேன். இது என்ன, ஊசியும் இல்ல நூலும் இல்ல" என்றார்.

காற்றுக் குழாயை வைத்து அவர் ஊத, பெட்டிக்குள் இருந்த பஞ்சும் புழுக்கையும் பறந்து எங்கள் முகத்திலும் குடிதண்ணீர்க் குடத்திலும் வந்து அப்பின. அக்கா இருமிக்கொண்டு வெளியே ஓடினாள். சீடி வைக்கிற தட்டு கிறீச்சிட்டது என்று அதற்குள் மிஷின் எண்ணெயை விட்டார். எங்கள் ஊரில் சத்தம் போடுகிற எதற்கும் எண்ணெய் விடுவதுதான் வழக்கம். எண்ணெய் வழிந்து, கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் சீடியில் பட்டது. பனியனில் கறை பட்டால் பீய்ச்சி எடுக்கும் மருந்து ஒன்று உண்டு, மூக்கைத் துளைக்கும். அதை எடுத்துச் சீடியில் அடித்துத் துடைத்தார். சீடி கண்ணில் பூ விழுந்த மாதிரி வெளுத்துப்போயிற்று. பாதி ஏறி, அதற்குமேல் படிக்க முடியவில்லை என்று கம்ப்யூட்டர் நின்றுவிட்டது.

"சீடி மட்டம்" என்று மாமா எண்ணெய்க் கையை எங்கள் திரைச்சீலையில் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு சர்வீஸ்காரரை அழைத்து வந்தார். வாய் நிறையப் பாக்கு. பேசுவதற்கு முன்னால் எங்கள் வாசல் சாக்கடையில் ஒருமுறை துப்பிவிட்டு, உதட்டைத் துடைத்த விரலாலேயே அக்காவின் கீபோர்டைத் தட்டினார். எழுத்துகளின் மேல் சிவப்பாக ஈரம் ஒட்டியது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனாலும் வேலை தெரிந்தவர் போலத்தான் இருந்தது. தன்னுடைய சீடியையும் டிரைவையும் மாட்டி, பழைய விண்டோஸின் மேலேயே புதிதைப் போட்டார், கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. திரைக்கு நிறத்தைச் சரியாகக் காட்டும் மென்பொருள் மட்டும் இல்லாமல் எல்லாம் சேற்றில் முக்கியதுபோல் தெரிந்தன. ஆனால் அக்காவின் படங்களுடைய பெயர்கள் வரிசையாக அங்கே இருந்தன. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இது போதுங்க, இப்படியே உட்ருங்க."

"மேலாப்புல போட்டது நிக்காதுங்க. மறுக்கா மறுக்கா நின்னு போகும். அடியோட தொடச்சுப் பார்மேட் பண்ணிப் போட்டாத்தானுங்க சுத்தம்" என்றார் அவர். அந்த வாயிலிருந்து சுத்தம் என்ற சொல்லைக் கேட்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"நான் வரைஞ்ச படமெல்லாம் அதுலதான் இருக்குதுங்க."

"பிளாப்பியில எடுத்துட்டாப் போச்சு."

திரையில் இருந்ததையெல்லாம் ஒரே பிளாப்பியில் எடுத்துப் போட்டார்.

"இத்தன படமும் ஒண்ணுலயே அடங்கிருச்சுங்களா?" என்று அக்கா சந்தேகமாகக் கேட்டாள். "தொறந்து காட்டுங்க."

பிளாப்பியிலிருந்த ஒரு பெயரைத் தட்டினார். யானைக்குட்டி வந்து நின்றது. இன்னொன்றைத் தட்டினார், மீன் வந்தது.

"பாத்தியில்ல? அவருக்குத் தெரியாததா? நீ சும்மா இரு கண்ணு" என்றார் அப்பா.

பார்மேட் முடிந்து, புது விண்டோஸ் ஏறியது. நிறம் அப்போதும் சேறாகவே தெரிந்தது. அக்கா பிளாப்பியைப் போட்டாள். பெயர்கள் எல்லாம் இருந்தன. யானையைத் தட்டினாள். யானை வரவில்லை, ஒரு சின்ன டார்ச் லைட் படம் வந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒளியடித்துத் தேட ஆரம்பித்தது.

"தேடுதுங்க, கெடச்சுரும்" என்றார் சர்வீஸ்காரர்.

கிடைக்கவில்லை. திரையில் இருந்தவை படங்களே அல்ல, படம் பெட்டிக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் வெறும் குறிகள். ஒரு வீட்டுக்குப் பதிலாக அதன் விலாசத்தை மட்டும் எழுதிக்கொண்டு, வீட்டை இடித்துத் தள்ளிவிட்டார் அந்த மனிதர். முன்பு தட்டியபோது யானை வந்தது, பெட்டிக்குள் அது அதுவரை உயிரோடு இருந்ததால்தான்.

"உங்க பிளாப்பி சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, டம்ளர் விளிம்பில் சிவப்புக் கறையோடு வைத்துவிட்டுப் போனார்.

"போனாப் போகுது, மறுக்கா வரைஞ்சுக்கலாம் கண்ணு" என்றாள் அம்மா.

"ஒரு நாளுலயாம்மா? நெறமே தெரியாத திரையிலயா?"

அப்பா முன்னறைக்குப் போய் மிஷினைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அக்கா அழுவது கேட்காது.

திங்கட்கிழமை அக்கா வெறுங்கையோடு போய் நடந்ததைச் சொன்னாள். படம் வரைந்ததும் வரச் சொன்னார்கள். அவள் திரும்ப வரைவதற்குள் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார். அக்கா செக்கிங்குக்கே போனாள், கல்யாணம் ஆகிற வரைக்கும்.

இப்போது அந்த நீலத் திரை, பிளாப்பி, டார்ச் எல்லாவற்றையும் போனில் படமாக அனுப்பி, "அது ஒரு பொற்காலம்" என்று எழுதுகிறார்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறிக் குமட்டுகிறது. எழுதுகிறவர்கள் வீட்டில் யாரும் எதையும் இழக்கவில்லை போலிருக்கிறது. எங்களை விட்டுப் போனது பிளாப்பி அல்ல.

போன மாதம் என் பிள்ளைகள் தங்கள் அத்தையிடம், நீ என்னென்ன வரைந்தாய் என்று கேட்டார்கள். அக்கா இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டே யோசித்தாள். வாத்து, குடை பிடித்துக்கொண்டு நிற்கும் என்றேன் நான்.

"இல்லடா, தலையில தொப்பி" என்றாள்.

குடைதான் என்று நான் சாதித்தேன், தொப்பிதான் என்று அவள் சாதித்தாள். பிள்ளைகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு அவளே, "எனக்கும் சரியா நெனப்பில்லடா" என்றாள்.