ஒற்றைப் புள்ளி

இளமாறனின் ஹார்டுடிஸ்க்கில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள் இருந்தன. அத்தனையையும் கேட்டு, பெயர் எழுதி, எது எந்த வீட்டுக்கு ஆகும் என்று பிரித்து வைத்தவள் அவனுடைய அக்கா கண்ணகி. சங்கராபுரத்தில் இது யாருக்கும் தெரியாது. ரேடியோ செட் வைக்கிற இளமாறனே கேட்டுக் கேட்டுச் சேர்த்த பாட்டுகள் என்றுதான் ஊர் நினைத்தது. ஊர் அப்படியே நினைக்கட்டும் என்றுதான் அக்காவும் தம்பியும் இரண்டு வருஷமாகப் பாடுபட்டார்கள்.

இளமாறனுக்குக் காது கேட்காது.

ஒரே நாளில் போன காது இல்லை அது. பதினாறு வயதில் மரமேறிக் கூம்பு ஸ்பீக்கர் கட்டப் போனவன். பதினெட்டு வருஷம் அந்தக் கூம்புக்குக் கீழேயே நின்றான், அதற்குக் கீழேயே சாப்பிட்டான், அதற்குக் கீழேயே தூங்கினான். முதலில் போன் மணி போயிற்று. பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுகிற குரல் போயிற்று. கடைசியில், எதிரே உட்கார்ந்து உதட்டைப் பார்த்தால்தான் பேச்சு என்று ஆனது. கள்ளக்குறிச்சியில் காது டாக்டரிடம் கண்ணகிதான் கூட்டிப் போனாள். நரம்பு தேய்ந்துவிட்டது, மிஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும் என்றார் அவர். திரும்பி வருகிற பஸ்ஸில் இளமாறன் சொன்னான்:

"மிஷின் மாட்டிக்கினு ரேடியோ செட் ஓட்றவன எவங்க்கா கூப்புடுவான்? செவுட்டு செட்டுன்னு பேரு வச்சிட்டு அடுத்தவனப் பாத்துக்கினு போய்டுவானுங்க."

"மெதுவா பேசுடா. பஸ்ஸே திரும்பிப் பாக்குது."

அவன் ரகசியமாகத்தான் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு முடிவான ஏற்பாடு இது. செட்டின் போன் கண்ணகியிடம் இருக்கும். யார் கூப்பிட்டாலும், "தம்பி மேல வயர் கட்டிக்கினு கீது, நான் அக்கா பேசறேன், சொல்லுங்க" என்பாள். வண்டி ஓட்டுகிற சிவசங்கருக்கு மட்டும் விஷயம் தெரியும். செட்டு நடக்கிற இடத்தில் அவன் பக்கத்திலேயே இருந்து, யாராவது கூப்பிட்டால் இளமாறனின் முழங்கையைத் தட்டுவான். பாட்டுக்குக் கண்ணகி பொறுப்பு.

கண்ணகி எட்டாவதோடு நின்றவள். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். ஆனால் அவள் அளந்த அளவு தப்பியதாக யாரும் சொன்னதில்லை. தம்பி ஹார்டுடிஸ்க்கையும் பழைய லேப்டாப்பையும் கொண்டுவந்து தையல் மிஷின் பக்கத்தில் வைத்தபோது, உள்ளே இருந்ததெல்லாம் பெயரில்லாத குப்பை. ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டவை பாதி. ஒரே பாட்டு மூன்று பெயரில் இருந்தவை கொஞ்சம். கேட்கிற வரையில் அவன் காதே அதற்குப் பட்டியலாக இருந்தது. இனிமேல் எழுத்துதான்.

அவள் ஒரு நீள நோட்டு வாங்கினாள். கோடு போட்டாள். முதல் அடி, எத்தனை நிமிஷம், எந்த வீடு: கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர், கோயில், சாவு. கடைசிக் கட்டத்தில் மூன்று புள்ளி. பாட்டின் தொடக்கம் கேட்டதற்கு ஒன்று, நடுப்பாகத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. மூன்று புள்ளியும் விழுந்த பிறகுதான் ஒற்றை விரலால் லேப்டாப்பில் பெயரைத் தட்டி, அந்தந்த ஃபோல்டருக்குள் தள்ளுவாள். இந்தச் சட்டம் யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. தம்பி செட்டில் ஒரு பாட்டு தப்பாக வரக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தத் தம்பிமேல் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல. எங்காவது கோயிலில் செட்டு கரகரத்தால், பக்கத்தில் நிற்பவர்களிடம், "எங்க தம்பி செட்டு இல்ல இது" என்று கேட்காமலே சொல்லுவாள். காது போன பிறகும் அவன் செட்டு கரகரத்ததில்லை. ஆம்ப்ளிஃபயரில் ஏறி இறங்குகிற விளக்கைப் பார்த்தே சத்தத்தைச் சரியாக வைப்பான்.

பக்கத்து மலையில் அவனுக்குக் கிராக்கி ஜாஸ்தி. கரியாலூருக்கு அந்தப் பக்கம் பல ஊர்களில் டவர் கிடையாது. போனில் பாட்டுப் போடுகிறேன் என்று மேலே போனவர்கள் போனை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்கள். இளமாறன் ஹார்டுடிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போவான். மலையூர்களில் சாவு வீடு என்றால், செய்தி பரவின நேரத்திலிருந்து எடுக்கிற வரைக்கும் செட்டு ஓயக் கூடாது. அதற்கு நீளமான ஒப்பாரிகள் வேண்டும். கடையை மூடிய ஒருவரிடமிருந்து நாற்பத்தொரு கேசட்டுகளை வாங்கி, கள்ளக்குறிச்சியில் கொடுத்து ஹார்டுடிஸ்க்கில் ஏற்றினான். ஒரு கேசட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டாக வந்தது. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்.

"இது ஒண்ணப் போட்டுட்டா ஒரு மணி நேரம் நான் பயப்படத் தேவையில்லக்கா" என்றான். மாற்ற வேண்டாம், தேட வேண்டாம். காது கேட்காதவனுக்கு அது பெரிய நிம்மதி.

அந்த நாற்பத்தொன்றையும் கண்ணகி ஆவணி மாசத்தில் கேட்டாள். முகூர்த்த மாசம். கையில் பதினோரு ரவிக்கை. முப்பத்தேழாவது கேசட்டில் நான்கு பெண்கள் ஒருவரை ஒருவர் தொட்டுத் தொட்டு அழுதுகொண்டிருந்தார்கள். நல்ல ஒப்பாரி. பன்னிரண்டு நிமிஷம் கேட்டிருப்பாள். வாசலில் ஜெயம்மாள் வந்து நின்றாள்.

"கண்ணகி, ஊக்கு மட்டும் வச்சிக் குடுடி. பஸ்ஸு போய்டும். தாலி கட்டி முடிச்சப்புறம் போட்டுக்கினு போவவா நான் ரவிக்க தைக்கக் குடுத்தேன்?"

கண்ணகி ஹெட்செட்டைக் கழற்றினாள். ஒரு புள்ளி வைத்தாள். மிச்சத்தை அப்புறம் கேட்கலாம் என்று பெயரை மட்டும் தட்டி, சாவு ஃபோல்டருக்குள் தள்ளினாள். ஊக்கு வைத்தாள். அடுத்த ரவிக்கையை எடுத்தாள். அப்புறம் என்பது வரவில்லை.

ஐப்பசியில் மலையிலிருந்து பாவாடை என்பவர் போன் செய்தார். டவர் கிடைக்கிற ஒரே வளைவுக்கு நடந்து வந்து பேசினார். அவருடைய அக்கா மகன் தமிழரசன், கேரளாவில் மிளகு பறிக்க ஏணி ஏறியவன், விழுந்து செத்துவிட்டான்.

"அவன் கல்யாணத்துக்கு உங்க செட்டுதான்மா வச்சோம், வைகாசில. அஞ்சு மாசம் ஆவல. இதுக்கும் உங்க செட்டே வரட்டும்."

கண்ணகி அனுப்பி வைக்கிறேன் என்றாள். மேலே நடந்ததை அவள் பார்க்கவில்லை. மறுநாள் சிவசங்கர்தான் வந்து, வாசல்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

உடல் ஏற்றிய வண்டி மலை ஏறுகிறதா என்று கேட்டு வரச் சொல்லி, சிவசங்கரை அந்த வளைவுக்கு அனுப்பினார்கள். அந்த நேரம் இளமாறன் தனியாக இருந்தான். முப்பத்தேழாவது கேசட்டைப் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்து வைக்கக் குனிந்து லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒப்பாரி பாதியில் அறுந்தது. யாரோ எந்தக் காலத்திலோ அந்தக் கேசட்டின் மறுபக்கத்தில் நலங்குப் பாட்டைப் பிடித்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையைக் கேலி செய்கிற பாட்டு. இரண்டு கூம்பும் அதைப் பள்ளத்தாக்கு முழுக்கக் கொட்டின.

பந்தலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாவாடை எழுந்து, நிறுத்து என்று கையைத் தூக்கினார். இளமாறன் நிமிர்ந்தான். தூக்கிய கையைப் பார்த்தான். இத்தனை வருஷத் தொழிலில் தூரத்திலிருந்து தூக்குகிற கைக்கு அவனுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். சத்தத்தைக் கூட்டினான்.

"நான் ஓடியாரதுக்குள்ள வயரப் புடுங்கிட்டாங்கக்கா. சட்டையப் புடிச்சி நாலு பேரு தள்ளுறாங்க. அண்ணன் அவங்க வாயையே பாத்துக்கினு, 'இன்னாங்க, சத்தம் பத்தலயா, சத்தம் பத்தலயா'ன்னு கேக்குறாரு. நான்தான் கத்துனேன், அவுருக்குக் காது கேக்காதுங்கன்னு. அப்புறம் ஒருத்தரும் கை வைக்கல. அந்தம்மா, சாலம்மா, செத்துப்போன புள்ளையோட அம்மா, அதுதான் உள்ளருந்து வந்துச்சி. 'யாருப்பா, எம்புள்ளைக்கு இன்னொருக்கா கல்யாணமா?'ன்னு கேட்டுச்சி."

சிவசங்கர் போனதும் கண்ணகி நோட்டை எடுத்தாள். முப்பத்தேழைத் தேடவே தேவையில்லை, பக்கம் தானாக விரிந்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு புள்ளி.

இளமாறன் எல்லோரிடமும், "நான்தான் தப்பா தட்டிட்டேன். கல்யாண ஃபோல்டர்ல கை பட்டுட்ச்சி" என்றான். அவளிடமும் அப்படியே சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு செட்டின் போன் அடிக்கவில்லை. மலைச் செய்தி கீழே இறங்க இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவன் பயந்த பெயரே வந்தது, செவுட்டு செட்டு. கார்த்திகையில் அவன் கரும்பு லோடு ஏற்றப் போனான். ஒவ்வொரு சாயங்காலமும் தோளில் கரும்புச் சோகை கிழித்த கோடுகளோடு வந்து உட்காருவான். ஒவ்வொரு சாயங்காலமும் சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறப்பாள். அவன் அவள் உதட்டைப் பார்ப்பான். அவள், "சோறு போடட்டா?" என்பாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவசங்கர் வந்தான்.

"செட்ட நான் எடுத்து ஓட்றேன்க்கா. அண்ணன் வயர் கட்ட வரட்டும், அந்தக் கை யாருக்கும் வராது. பாட்டு மட்டும் எனக்கு ஏத்திக் குடுங்க."

இளமாறன் அவன் உதட்டைப் படித்துவிட்டு, "குடுத்துடுக்கா" என்றான். "நோட்டையும் சேத்துக் குடு. நோட்டு இல்லாம அவனுக்கு எதுவும் புரியாது."

நோட்டை அவனே எடுத்தான். கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை புரட்டினான். அவனுக்கு அந்தப் புள்ளிகள் ரொம்பப் பிடிக்கும். விரலைக் கடைசிக் கட்டத்தில் வைத்து இறக்கிக்கொண்டே வந்தான். மூன்று, மூன்று, மூன்று. விரல் நின்றது.

கண்ணகி தையல் மிஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபப்பட்டால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"ஒண்ணுதான் வச்சிக்கிற."

"ஆமாண்டா." அவன் படிக்கும்படி மெதுவாகச் சொன்னாள். "ஜெயம்மா வந்து நின்னுச்சி. மிச்சத்தக் கேக்கல. நீ தப்பா தட்டல. என் தப்பு."

அவன் நோட்டை மூடவில்லை. "கல்யாணப் பாட்டுன்னு தெரியும். அது இன்னா பாட்டுக்கா?" என்று கேட்டான். "இன்னிக்கி வரைக்கும் எனக்கு யாரும் சொல்லல. மூஞ்சிங்களதான் பாத்தேன்."

"மாப்புளையக் கேலி பண்ற பாட்டாம். நானும் கேக்கலடா. பயமா கீது."

அவன் லேப்டாப்பைத் திறந்தான். முப்பத்தேழைத் தேடி எடுத்தான். ஹெட்செட்டை எடுத்து அவள் காதில் அவனே மாட்டிவிட்டு, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சிவசங்கர் வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

நான்கு பெண்கள் அழுதார்கள். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். இளமாறன் அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் விளக்கைப் பார்க்கிற மாதிரியே பார்த்தான். ஓர் இடத்தில் அழுகை அறுந்தது. அவள் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"இங்கதானா?"

தலையாட்டினாள். அவன் பேனாவை எடுத்து, முப்பத்தோரு நிமிஷம் என்று ஓரத்தில் எழுதினான். பிறகு, "ரொம்பக் கேலியா?" என்றான்.

"ம். மாப்புள மூக்கப் பத்திப் பாட்றாங்க." இன்னும் கொஞ்சம் கேட்டாள். "நடுநடுவுல சிரிக்கிறாங்கடா. எல்லாரும் சேந்து சிரிக்கிறாங்க."

சாலம்மாள் வெளியே வந்து நின்ற இடம் அவன் கண்ணில் இருந்தது போலும்.

அவள் ஹெட்செட்டைக் கழற்றக் கையைக் கொண்டுபோனாள். அவன் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, பேனாவை அதில் வைத்தான்.

"முடியிற வரைக்கும் கேளு."

அவள் நடுப்புள்ளியை வைத்தாள். மூன்றாவதற்கு இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருந்தது.