முள் அறுபதில் நின்றது

தாராவித் தோல் ஷெட்டில் பத்தொன்பது வருஷமாகத் தோல் சுரண்டுகிற கணேசபாண்டியன் யாரையும் லேசில் நம்பிவிடுகிற ஆள் இல்லை. ரயில் டிக்கெட் வாங்கினால் தேதியை இரண்டு தடவை பார்ப்பார். டீக்கடைக்காரர் கூடுதலாகச் சிரித்தால் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனுஷனிடம் போய், 1946இல், கைபலம் பார்க்கும் மிஷினை நீட்டினார் மாட்டுங்காவிலிருந்து வந்த டாக்டர் அனந்தகிருஷ்ணன். பிடியை அமுக்கினால் முள் ஓடி, எத்தனை பவுண்டு என்று காட்டும்.

"மூணு திங்கக்கிழமை இதே கையைச் சோதிக்கணும். ஒரே ஆளுக்கு ஒரே நம்பர் வரதான்னு பார்க்கத்தான். வேற ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டர்.

வேற ஒண்ணும் இல்லை என்று ஒருவர் சொன்னால் போதாதா? பலசாலிகளாகப் பொறுக்கியெடுத்து ஈரத்தோல் சுமக்க விடப்போகிறார்கள் என்று கணேசபாண்டியன் முடிவு கட்டினார். பாதி பலத்தில் அமுக்கினார். முள் அறுபதில் நின்றது. அடுத்த வாரமும் முள்ளைப் பார்த்துக்கொண்டே அறுபதில் நிறுத்தினார். உள்ளுக்குள் ஒரே குஷி.

அந்த வாரம் தோல் சுரண்டும் கத்தி இரண்டு முறை கையைவிட்டு நழுவியது. பிடியில் ஈரம் என்று துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது திங்கள் காலையில், பக்கத்தில் வேலை பார்க்கும் பூலோகம் காதைக் கடித்தார். "வே, சங்கதி தெரியுமா? கையில பெலமில்லாதவங்கள நிப்பாட்டப் போறாவளாம்."

கணேசபாண்டியன் மனசுக்குள் கணக்குப் போட்டார். வேலை போனால் வீட்டில் ஐந்து பேர் பட்டினி. இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு முழுமூச்சாக அமுக்கினார். முள் அறுபதில் நின்றது. மறுபடி அமுக்கினார். அதே அறுபது. மிஷினில்தான் கோளாறு என்று பூலோகத்திடம் கொடுத்தார். பூலோகத்துக்கு எப்போதும் போல நூற்றுப்பத்து.

அப்போதுதான் பயம் வந்தது. மிஷினையும் சந்தேகப்பட வழியில்லை, டாக்டரையும் சந்தேகப்பட வழியில்லை. இரண்டே வாரத்தில் தன் கை பாதியாகிவிட்டிருக்கிறது.

டாக்டருக்கு வாயெல்லாம் பல். "மூணு தடவையும் அறுபது! இந்த ஷெட்லயே நம்பகமான கை உம்மோடதுதான்."

"அய்யா, மொத ரெண்டு வாட்டியும் பாதிதான் அமுக்குனேன். இன்னைக்கித்தான் முழுசா அமுக்குதேன். கைக்கு என்னமோ ஆயிட்டு. கொஞ்சம் பாருங்கய்யா." கையை டாக்டர் முன்னால் நீட்டினார்.

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"லீவுக்குச் சீட்டு வேணுமாக்கும்? மிஷின் பொய் சொல்லாது, ஓய்" என்றவர், அறுபது என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.