ஆக்சிஜனும் உலோகம்தான் சார்!

வானத்தை ஆராய்கிற தொழிலில், வானத்தைத் தவிர மற்ற எல்லாரையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். கைடு, கமிட்டி, கையெழுத்து என்று செருப்புத் தேய்ந்த சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்தில் இருக்கும் ஒரு குட்டி கேலக்ஸியில், வயசாகி ஊதிப்போன ராட்சச நட்சத்திரங்களில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. தஞ்சாவூரில் உட்கார்ந்துதான். டாக்டர் பட்டம் வந்தால் கல்லூரி வேலை நிரந்தரம். வராவிட்டால் சொந்த ஊர் குடவாசலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அடைமழை

வெளிநாட்டில் ஏதோ ஒரு மலை உச்சியில் இருக்கும் தொலைநோக்கி படம் எடுக்கும்; எனக்குக் கம்ப்யூட்டரில் வந்துவிடும். மழையோ வெயிலோ, திரை முன்னால் உட்கார்ந்து கண் பூத்துப்போவது மட்டும்தான் என் பங்கு. ஐப்பசியில் ஒரு நாள் குடையோடு கிளம்பினேன். வீட்டுக்கார அம்மா வாசலிலேயே மறித்தார்.

"ஒரு வாரமா மூடாப்பாக் கிடக்கு, ஒரு நட்சத்திரம் கண்ணுல படல. உங்களுக்கு லீவு விடலையாம்மா?"

களை

அந்தப் படத்தில் ஒரு தொல்லை. நம்ம கேலக்ஸியின் சின்ன நட்சத்திரங்கள் குறுக்கே நின்றுகொண்டு, தூரத்து ராட்சசன் மாதிரியே சிவப்பாக வேஷம் போடும். அதுகளைப் பொறுக்கித் தள்ளவே எனக்கு ரெண்டு வருஷம். அப்பாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவர் வரப்பில் நின்றபடி கேட்டுக்கொண்டார்.

"களை எடுக்குறேன்னு சொல்லு. அதை இங்கேயே எடுத்திருக்கலாமே தாயி, நடவு முடிஞ்சு ஆள் கிடைக்காம நிக்குது."

ஆட்சேபம்

ஹைட்ரஜன், ஹீலியம் ரெண்டையும் விட்டால் மிச்சம் எல்லாமே எங்கள் தொழிலில் உலோகம்தான். கார்பனும் உலோகம், ஆக்சிஜனும் உலோகம். உலகம் முழுக்க இப்படித்தான் எழுதுகிறார்கள். என் கமிட்டியில் இருந்த கெமிஸ்ட்ரி பேராசிரியருக்கு மட்டும் அது தெரியாது. அவர் கையெழுத்துப் போடாமல் தீசிஸ் நகராது. முதல் பக்கத்திலேயே பேனாவை மூடிவிட்டார்.

"ஆக்சிஜன் உலோகம்னா, நான் இத்தனை வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்னம்மா? புராணமா?"

சமரசம்

மூன்று மாதம் அவர் அறை வாசலில் நின்றேன். ஆதாரம் காட்டினேன், கெஞ்சினேன், வீட்டுக்கு வந்து அழுதேன். கடைசியில் என் கைடு வழி சொன்னார். 'உலோகம்' என்று வரும் பக்கத்திலெல்லாம் கீழே ஓர் அடிக்குறிப்பு: 'இது வானியலாளர் வழக்கு மட்டுமே, வேதியியல் துறை இதற்குப் பொறுப்பல்ல.' தன்மானம் இடிக்கிறதே என்றேன். கைடு வெகு நிதானமாகச் சொன்னார்.

"தன்மானத்தைப் பட்டம் வாங்கினப்புறம் வச்சுக்கம்மா, யாரும் கேக்க மாட்டாங்க."

கையெழுத்து விழுந்தது.

வைவா

வாய்மொழித் தேர்வன்று வந்தவர்களுக்கெல்லாம் டிபன் போடுவது ஆராய்ச்சி மாணவியின் தலையெழுத்து. அப்பா ஊரிலிருந்தே சமையல்காரரைக் கூட்டிவந்து அசோகா அல்வா கிண்டவைத்தார். கெமிஸ்ட்ரிக்காரர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். நானும் நன்றாகத்தான் பேசினேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எங்கள் தொழில்காரர். தீசிஸைப் புரட்டினார், முகம் சுளித்தார். "பக்கத்துக்குப் பக்கம் என்னம்மா இது? பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இப்படி யாரும் எழுத மாட்டாங்களே! யார் சொல்லி எழுதினே?"

உண்மையைச் சொன்னால் முன்வரிசை கவிழ்க்கும். சொல்லாவிட்டால் தேர்வாளர் கவிழ்ப்பார். கைடு ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் அப்பா ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றுவிட்டார். அப்போது கெமிஸ்ட்ரிக்காரரே வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பாவி மனுஷன், இன்றைக்காவது ஒத்துக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன்.

"நானும் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன் சார், இதெல்லாம் வேண்டாம்னு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க கேட்டாத்தானே? போனாப் போகுது, நல்ல பொண்ணு, பாஸ் போட்டு விடுங்க."

போட்டார்கள். ராத்திரி வரை பல்லைக் கடித்துக்கொண்டே எல்லாருக்கும் நன்றி சொன்னேன்.

ஒரு நட்சத்திரம் ஊதி ராட்சசனாவதற்குக் கோடிக்கணக்கான வருஷம் பிடிக்கும். மனுஷனுக்கு ஒரு கமிட்டியில் நாற்காலி கிடைத்தால் போதும்.