ஸ்ரெல்லா மிஸியின் நிறைக்கொப்பி

மீனவர் ஊரான குருநகரின் மருத்துவமாது ஸ்ரெல்லாவை ஊரார் மிஸி என்றே அழைத்தார்கள். 1983 தை முதல் 1992 மார்கழி வரை அவள் கையில் பிறந்த பிள்ளைகள் 742. ஒவ்வொன்றின் நிறையையும் கொப்பியில் எழுதி, பக்கத்தில் தகப்பன் கடைசியாகத் தொழிலுக்குப் போன நாளையும் தாய் முதல்நாள் சாப்பிட்டதையும் குறித்துவைப்பாள். போரால் கடலுக்குப் போகத் தடை வந்த ஆண்டுகளில் மீன்சொதி என்ற சொல் அருகி, வெறும் தேத்தண்ணி என்பதே பக்கம் பக்கமாக வந்தது.

உயிரியலையும் சமூகவியலையும் சேர்த்து ஆராயும் சஞ்சிகை ஒன்றை நடத்திய விரிவுரையாளர் அருளம்பலம் அந்தக் கொப்பியை ஒரு மாதம் இரவல் வாங்கினார். 1993 மாசியில், தாள் தட்டுப்பாட்டால் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகிக் கட்டுரை வெளிவந்தது. குருநகர்ப் பிள்ளைகள் நிறை குறைந்து பிறப்பது தலைமுறைகளாகச் சொந்தத்துக்குள் கலியாணம் செய்வதால் என்றது அது. அதைப் படித்துவிட்டு, இரத்தக் குறைக்கு மாவு மருந்தல்ல என்று சொல்லி, ஊருக்கு உணவு பங்கிட்ட நிவாரணக் குழு கர்ப்பிணிகளுக்கான சத்துமாவை நிறுத்தியது.

இரத்தமாம், குறையாம். ஸ்ரெல்லா இணுவிலில் இருந்த அருளம்பலத்தின் வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தாள்.

அருளம்பலம் தேத்தண்ணி வைக்கச் சொன்னார், வேண்டாம் என்றாள். பத்து வருடத்தையும் கூட்டி ஒரே சராசரி எடுத்ததாகவும், சாப்பாட்டு விபரம் வீட்டுக்கதை என்பதால் விட்டுவிட்டதாகவும் அவர் பொறுமையாக விளக்கினார்.

அவள் கொப்பியை அவர் முன் விரித்தாள்.

“சிசிலியாவின்ரை மூத்தது எண்பத்திமூண்டிலை மூண்டு கிலோ. கடைசி, போன வருசம், ஒண்டு எண்ணூறு. தாயும் அவள்தான், தேப்பனும் அவன்தான். அவன் மயிலிட்டி ஆள், சொந்தமுமில்லை. பத்து வருசத்திலை இரத்தம் வத்திப்போச்சோ, சேர்?”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். தாள் கிடைத்தால் ஆவணி இதழில் மாற்றுக் கருத்தாகப் போடலாம் என்றார்.

“ஆவணி வரைக்கும் பிள்ளையளை வயித்துக்குள்ளை பொத்தி வைக்கச் சொல்லட்டோ? குழுவுக்கு இப்ப எழுதுங்கோ. கருத்தில்லை, பிழை எண்டு எழுதுங்கோ.”

அவர் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே எழுந்தாள்.

மாவு பங்குனி 19ஆம் திகதி வந்தது. அதற்குள் நான்கு பிள்ளைகள் பிறந்துவிட்டன. நான்கும் இரண்டு கிலோவுக்குக் கீழே. அந்த நான்கு நிறைகளையும் ஒரு தபாலட்டையில் எழுதி அருளம்பலத்துக்கு அனுப்பினாள். வணக்கம் எழுதவில்லை; நலமும் கேட்கவில்லை.